ஆண்டறிக்கை: தென் லண்டன் மிட்சம் ஊரோடு ஓர் ஆண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

"ஊர் வரலாறு படிக்கிறதெண்டால் எங்கட ஊர் வரலாறைப் படிப்பம். மிட்சமில என்ன கிடக்கு?" என்று போன பொதுக்கூட்டத்தில் மூத்த அங்கத்தவர் ஒருவர் கேட்டார். பாதிச் சபை தலையாட்டியது. இவ்வருட நிகழ்ச்சிகளைச் செயற்குழு அமைத்தது அந்தக் கேள்விக்காகத்தான். பொங்கலும் வாணி விழாவும் வழமைபோல் நடந்தேறின. படங்கள் வாசலில் ஒட்டப்பட்டுள்ளன, பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடையில் ஊர் சுற்றிப் பார்க்கும் நடை ஒன்றை ஒழுங்கு செய்தோம். கிரிக்கெட் கிரீனில் தொடங்கினோம். 1685 முதல் இந்தப் புல்வெளியில் கிரிக்கெட் ஆடப்பட்டு வருகிறது. லோர்ட்ஸ் மைதானத்தின் பெயரே அப்போது கிடையாது. கிளப் கட்டடம் தெருவுக்கு ஒரு பக்கம், மைதானம் மறுபக்கம். காலில் பாட் கட்டிய துடுப்பாட்டக்காரர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கார்கள் போகட்டும் என்று நடைபாதையில் நின்று, பிறகு தெருவைக் கடந்து ஆடப் போகிறார். ஆட்டமிழந்தால் திரும்பி வரும்போதும் அதே காத்திருப்புத்தான். "டக் அடிச்சிட்டு வந்து இதில நிக்கிறது பெரிய தண்டனை அங்கிள்" என்றார் நம் இளைஞர் ஒருவர்.

அங்கிருந்து கனன்ஸ் மாளிகைக்கு நடந்தோம். மாளிகை 1680இல் கட்டியது. அதன் பக்கத்தில் நிற்கும் கல் புறாக்கூடு 1511ஆம் ஆண்டையது. பிள்ளைகள் மாளிகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. புறாக்கூட்டை விட்டு நகர்த்தப் பெரும்பாடு பட்டோம்.

இங்கே பலர் குரொய்டனுக்கு டிராமில் போய்வருகிறீர்கள். வான்ட்ஸ்வேர்த்துக்கும் குரொய்டனுக்கும் இடையே 1803இல் சரே இரும்புப் பாதை திறக்கப்பட்டது. பாராளுமன்றச் சட்டத்தின்கீழ் அமைந்த முதற் பொது இரயில்பாதை அதுதான். நீராவி எஞ்சின் இல்லை, குதிரைகள்தான் இழுத்தன. கட்டணம் கட்டினால் யாரும் தம் சொந்த வண்டியைத் தண்டவாளத்தில் விடலாம். மிட்சம் வழியாக ஓடும் வான்டில் ஆற்றோர ஆலைகளின் சரக்கை ஏற்றி இறக்கத்தான் அதைப் போட்டார்கள். 1846இல் மூடிவிட்டார்கள். மிட்சத்துக்கு அப்பால் டிராம் ஓரிடத்தில் ஏறத்தாழ அந்தப் பழைய தடத்திலேயே ஓடுகிறது.

அந்த ஆலைகளைப் பற்றிய உரைதான் என் கணக்கில் இவ்வருடத்தின் சிறந்த நிகழ்ச்சி. நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் மற்றப் பகுதிகளிலிருந்தும் வந்த சாயச் சீலைகளுக்கு ஆங்கிலேயர் பைத்தியமாய் அலைந்தார்கள். உள்ளூர் நெசவாளர் கொதித்தெழ, பாராளுமன்றம் 1700இல் அவற்றின் இறக்குமதிக்குத் தடை போட்டது. வெள்ளைத் துணிக்குத் தடை இல்லாததால், அதை இறக்கி இங்கேயே அச்சடிக்கும் தொழில் பெருகியது. பதினெட்டாம் நூற்றாண்டில் வான்டில் கரை முழுக்க வெளுக்கும் களங்களும் அச்சுப் பட்டறைகளுமாய்க் கிடந்தது. கேள்வி கேட்ட மூத்தவர் அன்று முன்வரிசையில் இருந்தார். உரை முடிந்தபின் அதிகக் கேள்வி கேட்டவரும் அவரே.

லவெண்டரைச் சொல்லாமல் விட்டால் மிட்சத்துக்காரர் மன்னிக்கமாட்டார்கள். 1749இல் இங்கே தொழில் தொடங்கிய பொட்டர் அன்ட் மூர் நிறுவனத்தார் லவெண்டரும் பெப்பர்மின்டும் வளர்த்து எண்ணெய் வடித்தார்கள். வயல்களை வீடுகள் விழுங்கிவிட்டன. ஆனால் 'பிளக் மிட்சம்' என்ற பெப்பர்மின்ட் வகை அமெரிக்காவில் இன்றும் பயிராகிறது. நம் அங்கத்தவர் ஒருவர் லவெண்டர் நாற்றுத் தந்தார். மண்டபத்து வாசல் தொட்டியில் வைத்தோம். தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் தயவுசெய்து ஊற்றவும்.

மண்டப வாடகை கூடியிருக்கிறது. பேசிப் பார்த்தோம், குறைக்கவில்லை. விவரம் பொருளாளர் அறிக்கையில் உண்டு.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாதம் ஒரு பாடவேளையை மிட்சம் வரலாற்றுக்கு ஒதுக்கவேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழு முன்வைக்கிறது. பாடம் தமிழிலேயே நடக்கும். "தமிழ் படிக்கிற நேரத்தைக் களவெடுக்கிறீர்கள்" என்ற எதிர்ப்பு இருப்பது தெரியும். இங்கே பிறந்த பிள்ளை தன் தெருவைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுதப் பழகுவதும் தமிழ் படிப்புத்தான் என்பது என் கருத்து. பொருளாளர் அறிக்கை முடிந்ததும் வாக்கெடுப்பு நடைபெறும்.

செயலாளர்