முதல் தாயம்

காரைக்குடி

அன்புள்ள நாச்சியப்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே வளவில் ஓடு மாற்றும் வேலை நடக்கிறது. பங்காளிகள் பதினோரு பேர், பணம் கொடுத்தது மூன்று பேர். சரி, அது கிடக்கட்டும்.

ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையாகவே ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர்களுக்குச் சாகசக் கதைப் புத்தகம் போடப் போகிறேன், முந்திக்கொண்டால்தான் லாபம் என்று எழுதியிருக்கிறாய். பாதி உண்மை. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவின் மில்வாக்கியில் நடந்த ஜென் கான் விளையாட்டு விழாவில் அந்த ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. விதிகளை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதை வெளியிட்ட விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் உரிமமும் கொடுத்தது. கிரீன் ரோனின், அட்லஸ் கேம்ஸ் என்ற இரண்டு சின்னப் பதிப்பகங்கள் அதே விழாவில் ஆளுக்கொரு மெல்லிய சாகசப் புத்தகத்தை விற்பனைக்கு வைத்தன. விதிப்புத்தகம் வாங்கியவனுக்கு வீட்டுக்குப் போய் ஆட ஒரு கதை வேண்டுமே! கடையில் வேறு அதிகம் இல்லை, இவர்கள் பெயர் மனத்தில் நின்றது.

அப்புறம் ஊரே இறங்கியது. எது நல்லது, எது குப்பை என்று கடைக்காரருக்கே தெரியாத அளவுக்குப் புத்தகங்கள். 2003-இல் விதிகளைத் திருத்தி 3.5 பதிப்பு வந்ததும் பழைய சரக்கு அலமாரியிலேயே தங்கிவிட்டது. கிரீன் ரோனின் அதற்கு முந்தைய வருடமே மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் என்று தனக்கென ஓர் ஆட்டத்தைப் போட்டிருந்தது.

எங்கள் ஆயா தாயம் ஆடும்போது பார்த்திருக்கிறாயா? முதல் தாயம் அவர்களுக்கே விழுந்தாலும் காயை ஓட்ட மாட்டார்கள். வெட்டுப்படாத கட்டம் வரைக்கும் நகர்த்திவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொள்வார்கள்.

நான் ஓட்டினேன். துணியில் தாயக்கட்டம் அச்சடித்து, பித்தளைத் தாயக்கட்டையோடு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் முதலில் கொடுத்தது நான்தான். ஆறு மாதத்தில் அதே துணி எல்லாக் கடையிலும் தொங்கியது. யாரைக் கேட்பது? தாயம் என்ன என் அப்பச்சி சொத்தா?

அதனால் கேட்கிறேன், உன் புத்தகத்தில் வரும் கோட்டையும் டிராகனும் எதற்கு? 1942-இல் உங்கள் ஐயா ரங்கூனிலிருந்து மணிப்பூர் வழியாக நடந்தே வந்ததைச் சொல்வாயே, பெட்டகச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு. அதைப் போடு. ஒரு வருடம் தாமதமானாலும் பரவாயில்லை.

வரும்போது இருபது முகப் பகடை இரண்டு வாங்கி வா. இங்கே கேட்டால் லூடோ பகடையை எடுத்து நீட்டுகிறார்கள்.

உன்
சொக்கு