ஈஸ்ட் கோஸ்ட்ல காத்து வீசுதே, அப்புறம் ஏன் காத்தாடி இல்ல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன மாசம் நம்ம சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல உக்காந்திருந்தப்போ உயர்நிலை ஒண்ணு படிக்கிற என் பொண்ணு கேட்டா, அம்மா இவ்ளோ காத்து வருதே, ஆச்சி ஊர்ல இருக்குற மாதிரி இங்கயும் காத்தாடி நட்டு கரண்ட் எடுக்கலாமே, ஏன் யாரும் வைக்கலன்னு. பக்கத்து பெஞ்சுல இருந்த பெரியவர் "நம்ம நாட்டுல அதுக்கு ஏதும்மா இடம்"னாரு. நானும் ஆமான்னுட்டேன். அது பாதி பதில்தான்னு ராத்திரி அண்ணன்கிட்ட பேசினப்போதான் தெரிஞ்சுது, இதே கேள்வி இங்க நிறைய வீட்டுல வரும்கிறதால எழுதுறேன்.

எனக்கு ஊரு ஆரல்வாய்மொழி பக்கம். நாகர்கோவில்லேர்ந்து திருநெல்வேலி போற ரோட்டுல முப்பந்தல் தாண்டும்போது ரெண்டு பக்கமும் காத்தாடியா நிக்கும், மொத்தம் ஏறக்குறைய 1500 மெகாவாட். மேற்குத் தொடர்ச்சி மலை முடியப்போற அந்த எடத்துல ஒரு கணவாய் இருக்கு, தென்மேற்குப் பருவக்காத்து கேரளா பக்கம் இருந்து வந்து அந்தச் சந்துல நெருக்கிப் புகுந்து வெளிய வரும்போது வேகம் ஏறிடும். வைகாசிலேர்ந்து புரட்டாசி வரைக்கும் சீசன், அப்போ கொடியில போட்ட துணிய அடுத்த தெருவுல போய்த் தேடணும்.

அண்ணன் அங்க காத்தாடி மேல ஏறி மெயின்டனன்ஸ் பாக்குறவர். அவர் சொன்னது, காத்து இறக்கைய நேரா புடிச்சுத் தள்ளுதுன்னு நெனைக்காத, அது விமான இறக்கை மாதிரி வளைச்சு செஞ்சது, ஒரு பக்கம் அழுத்தம் கொறஞ்சு அந்தப் பக்கமா இழுக்கும், அதுலதான் சுத்துது. பெரிய காத்தாடி நிமிஷத்துக்கு 15 சுத்து பக்கம்தான் சுத்தும், நமக்கு மெதுவா தெரியும், ஆனா இறக்கை 50 மீட்டர் நீளம்னா அதோட நுனி மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்துல போய்க்கிட்டிருக்கும். உச்சியில பஸ் மாதிரி ஒரு பெட்டி, அதுக்குள்ள கியர்பாக்ஸ் அந்த 15 சுத்த 1500 சுத்தாக்கி ஜெனரேட்டருக்குக் கொடுக்கும் (கியர் இல்லாத மாடலும் உண்டாம்). காத்து திசை மாறினா மோட்டார் வெச்சு பெட்டியே திரும்பிக்கும், செகண்டுக்கு 25 மீட்டர் தாண்டி அடிச்சா இறக்கைய மடக்கின மாதிரி திருப்பி அதுவே நின்னுடும். காத்துல இருக்குற சக்தி மொத்தத்தையும் எடுக்கவும் முடியாது, எடுத்தா காத்து அங்கயே நின்னுபோயி பின்னால வர்ற காத்துக்கு வழியே இருக்காது, எப்பேர்ப்பட்ட மெஷினா இருந்தாலும் 59 சதவீதத்துக்கு மேல போகாதுன்னு பெட்ஸ்ங்கிற ஜெர்மன்காரர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே கணக்குப் போட்டுட்டாரு.

ஆனா என் பொண்ணு கேள்விக்குப் பதில் வேற எடத்துல இருக்கு. காத்து வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருக்குற சக்தி ரெண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். நம்ம சிங்கப்பூர்ல சராசரி வேகம் செகண்டுக்கு 2 மீட்டர் பக்கம்தான், பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி சொச்சம் தள்ளி இருக்கோம்ல, இங்க காத்துக்கு அவ்ளோ உந்துதல் கிடையாது. சீசன்ல எங்க ஊரு பக்கம் 8 மீட்டர் அடிக்குதுன்னு வெச்சா நாலு மடங்கு வேகம், அப்போ சக்தி 64 மடங்கு! பெரிய காத்தாடி 3, 4 மீட்டர் வேகம் வந்தாதான் சுத்தவே ஆரம்பிக்கும். அதனால இங்க நட்டா பாதி நாள் சும்மாதான் நிக்கும், எடம் இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி.

அதுக்காக காத்துக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லன்னு விட்டுடக்கூடாதுங்க, எனக்கு ஆதங்கமே இதுலதான். நம்ம கரண்ட்ல 90 சதவீதத்துக்கு மேல எரிவாயுலேர்ந்து வருது, தெங்கே நீர்த்தேக்கத்துல 2021ல மிதக்கும் சோலார் போட்டாங்க, நல்ல விஷயம், ஆனா அது 60 மெகாவாட்தான். 2023ல வியட்நாம்லேர்ந்து 1.2 கிகாவாட், அதாவது 1200 மெகாவாட், கொண்டு வர நிபந்தனையோட அனுமதி கொடுத்தாங்க, அது பெரும்பாலும் கடல் காத்தாடி கரண்ட், கடலுக்கு அடியில கேபிள் போட்டு வரணும். அது வந்துச்சுன்னா நம்ம வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு ஃபேன் எங்கயோ அடிக்கிற காத்துல சுத்தும். அப்போ காத்து கொறையுற நாள்ல என்ன பண்றது, பேட்டரி எவ்வளவு வேணும்னு கேக்கப் போறது இன்னைக்கு உயர்நிலை ஒண்ணுல இருக்குற புள்ளைங்கதானே?

அதனால ஒரு வேண்டுகோள். உங்க மாணவர் பக்கத்துல இத நம்ம தமிழ்ல, படம் போட்டு, நாலு வாரத் தொடரா கொடுங்க, அந்த எட்டு மடங்கு கணக்க முதல் வாரமே போட்டுடுங்க. பள்ளிக்கூடத்துல காத்தளக்குற கருவி ஒண்ணு மொட்டை மாடியில வெச்சு புள்ளைங்களையே குறிச்சு வைக்கச் சொன்னாலும் நல்லாருக்கும். என் பொண்ணு இப்போ நாலு காகிதக் கப்ப குச்சியில ஒட்டி காரிடார்ல கட்டி சாயங்காலம் சாயங்காலம் சுத்து எண்ணி நோட்டுல எழுதுறா, நேத்து மழைக்கு முன்னாடி அடிச்ச காத்துல எண்ணவே முடியலயாம், அரை மணி நேரத்துல கப்பு மறுபடியும் அசையாம நின்னுடுச்சாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன்