ஓங்குவதும் ஒடுங்குவதும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று என் இடது கண்ணில் கட்டுப் போட்டிருந்தது. புரை அறுவை முடிந்து சில நாள்களே ஆகியிருந்தபடியால் மருமகள்தான் உரக்க வாசித்துக் காட்டினாள். இப்போது பார்வை தெளிவாக இருக்கிறது. முதலில் எழுதும் கடிதம் இதுதான். நீ முழங்கால் வலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஓரமாக உன் பேத்தி கேட்ட கேள்வியைக் குறித்திருந்தாய். "ஓங்கு பண்பு ஒடுங்கு பண்பை அடக்கிவிடும் என்றால், இத்தனை தலைமுறைக்குப் பிறகும் ஒடுங்கு பண்பு எப்படி மிச்சமிருக்கிறது?" பன்னிரண்டாம் வகுப்புப் பெண் இப்படிக் கேட்கிறாளே என்று நீ வியந்திருக்கிறாய். 1908ஆம் ஆண்டு லண்டனில் உட்னி யூல் என்ற புள்ளியியல் அறிஞர் ஏறத்தாழ இதையேதான் கேட்டார் என்று அவளிடம் சொல்.

அதற்குப் போகும் முன் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் இந்தப் பாடத்தை நடத்தியபோது, ஓங்கு என்பதற்கு 'வலிமையானது' என்றே விளக்கம் சொல்லிவந்தேன். அண்ணன் பேசும்போது தம்பி வாய்திறக்க மாட்டான் என்று உவமை வேறு. பிள்ளைகள் சிரித்தார்கள், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கினார்கள். ஆனால் உன் பேத்திக்கு வந்திருக்கும் குழப்பம் அத்தகைய உவமைகளிலிருந்து முளைப்பதுதான். பட்டாணிச் செடிகளைக் கலந்து மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் 1866இல் வெளியிட்ட கட்டுரையில் ஓங்கு, ஒடுங்கு என்ற பொருள்தரும் சொற்களைப் பண்புகளுக்குத்தான் சூட்டினார். கலப்பில் வெளியே தெரிவது ஓங்கு, தெரியாமல் மறைந்து நிற்பது ஒடுங்கு. பட்டாணி விதையின் உருண்டை வடிவம் ஓங்கு பண்பு, சுருங்கிய வடிவம் ஒடுங்கு பண்பு, அவ்வளவே. காலப்போக்கில் நாம் அந்தப் பட்டத்தை மரபணுவின் தலையிலேயே கட்டிவிட்டோம்.

நீ சுவடிப் பாடம் நடத்தியவன் என்பதால் உன் துறையின் சொற்களிலேயே சொல்லிப் பார்க்கிறேன். ஏறத்தாழ ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட ஏடு இருக்கிறது. அதில் அடினைன் (ஏ), தைமின் (டி), குவானைன் (ஜி), சைட்டோசின் (சி) என்று நான்கே எழுத்துகள். ஏட்டின் ஒரு பகுதியை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, அந்தப் படியை மூன்று மூன்று எழுத்தாகக் கூட்டி வாசித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம் என்று கோத்தால் புரதம் உருவாகிறது. இவற்றுக்குப் பாடநூலில் படியெடுத்தல், மொழிபெயர்த்தல் என்றே பெயர் என்பது உனக்கு மகிழ்ச்சி தரும். நமக்கு ஒவ்வொரு ஏடும் இரண்டு பிரதி. தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று. இரண்டு பிரதிகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டியதில்லை. அல்லீல் என்று நாங்கள் சொல்வது, நீங்கள் பாடபேதம் என்று சொல்வதுதான்.

இனி மெண்டலின் பட்டாணிக்கு வருவோம். உருண்டையையும் சுருங்கியதையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் உருண்டை. அவற்றைத் தம்முள் கருவுற விட்டபோது கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். அதாவது மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு மிக அருகில். சுருங்கிய விதையில் நேர்ந்தது என்ன என்பது 1990இல்தான், இங்கிலாந்தின் நாரிச் நகர ஆய்வாளர்களால், எழுத்தளவில் தெரியவந்தது. மாவுச்சத்தின் சங்கிலியைக் கிளைக்கச் செய்யும் நொதிக்கான மரபணுவின் நடுவே ஏறத்தாழ 800 எழுத்து நீளத்துக்கு ஓர் இடைச்செருகல் புகுந்திருக்கிறது. ஆகவே அந்தப் பிரதியிலிருந்து சரியான நொதி வருவதில்லை. மாவாக மாற வேண்டிய சர்க்கரை அப்படியே தங்குகிறது. சர்க்கரை தண்ணீரை இழுக்கிறது. விதை வளரும்போது உப்பி, முற்றிக் காயும்போது நீரை இழந்து தோல் சுருங்குகிறது. கலப்பு விதையில் ஒரு பிரதி இடைச்செருகல் இல்லாதது. அது தரும் நொதியே விதை உருண்டையாக இருக்கப் போதுமானது. ஓங்கு என்பதற்கு இங்கே பொருள் 'ஒரு பிரதியே போதும்' என்பதுதான். அண்ணன் தம்பியை அடக்கவில்லை. தம்பிக்குப் பேச்சு வராது, அண்ணன் ஒருவனே இருவருக்குமாகப் பேசிவிடுகிறான்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. 1908இல் டார்பிஷைர் என்பவர் கலப்பு விதையின் மாவுமணிகளை நுண்ணோக்கியில் பார்த்தார். தூய உருண்டை விதையில் மாவுமணிகள் வழுவழுப்பான நீள்வட்டமாகவும், சுருங்கிய விதையில் பிளவுபட்ட கூட்டுமணிகளாகவும் இருக்கும். கலப்பிலோ இரண்டுக்கும் நடுத்தரமாக இருந்தன. கண்ணுக்கு முழு உருண்டையாகத் தெரிந்த அதே விதை, நுண்ணோக்கியின் கீழ் நடுநிலையைக் காட்டுகிறது. எந்த அளவில் நின்று பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் 'ஓங்கு' என்று சொல்வதற்குப் பொருளே இல்லை என்று நான் உணர்ந்தது ஓய்வு பெற்ற பிறகு, வெட்கமாகத்தான் இருக்கிறது.

யூலின் கேள்விக்கு வருகிறேன். குட்டை விரல் ஓங்கு பண்பு என்றால், காலப்போக்கில் நால்வரில் மூவருக்குக் குட்டை விரல் வந்துவிடாதா என்பது அவருடைய ஐயம். அன்று அந்தக் கூட்டத்தில் உரையாற்றியவர் மரபியல் அறிஞர் புன்னட். உன் பேத்தி நோட்டில் கட்டம் போடுகிறாளே, அந்தக் கட்டத்துக்குப் பெயர் தந்தவர். அவருக்கு விடை தோன்றவில்லை. கேம்பிரிட்ஜ் திரும்பியதும் தம்மோடு கிரிக்கெட் ஆடும் கணித நண்பரிடம் கேட்டார். அந்த நண்பர் ஹார்டி. ஐந்தாண்டுகள் கழித்து நம் இராமானுஜனின் கடிதத்தைப் பிரித்துப் படித்த அதே ஹார்டிதான். கணக்கு மிக எளிது, வாய்ப்பாடு தெரிந்தால் போதும். ஒரு மரபணுவின் பிரதிகளில் பத்தில் ஒன்று ஒடுங்கு வகை என்று வைத்துக்கொள். 100 பேரில் 81 பேரிடம் இரண்டு பிரதியும் ஓங்கு வகை, 18 பேரிடம் கலப்பு, ஒருவரிடம் மட்டும் இரண்டும் ஒடுங்கு வகை. மொத்தம் 200 பிரதிகளில் ஒடுங்கு வகை பதினெட்டும் இரண்டும் சேர்ந்து இருபது. மீண்டும் பத்தில் ஒன்று. இந்தப் பண்பைப் பார்த்துத் துணை தேடாத, பெரிய மக்கள்தொகையில், எந்த வகைக்கும் கூடுதல் நன்மையோ தீமையோ இல்லாதவரை அடுத்த தலைமுறையிலும் அதே கணக்குதான். ஜெர்மனியில் வெயின்பெர்க் என்ற மருத்துவரும் அதே ஆண்டில் இதையே கண்டதால் விதிக்கு இருவர் பெயரும் உண்டு. இந்த இருபதில் பதினெட்டுப் பிரதிகள் வெளியே எந்த அடையாளமும் இல்லாதவர்களிடம் இருப்பதை அவளுக்குக் காட்டு. ஒடுங்கு என்ற சொல்லைத் தேர்ந்தவர் யாரோ, நல்ல தமிழ் அறிந்தவர். ஆமை கால்களை உள்ளிழுத்துக்கொண்டால் கால்கள் இல்லாமல் போய்விடுவதில்லையே.

புத்திசாலிப் பெண் இத்தோடு விடமாட்டாள். "தீமை செய்யும் பிரதி குறைந்துகொண்டே போக வேண்டுமே?" என்பாள். அப்போது கதிர் அரிவாள் இரத்தசோகையைச் சொல். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்துக்கான ஜி–ஏ–ஜி என்ற மூன்றெழுத்து ஜி–டி–ஜி என்று மாறியதால், குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து அமர்கிறது. அந்த அமினோ அமில மாற்றத்தை இன்கிராம் 1957இல் கண்டறிந்தார். வாலின் தண்ணீரை விரும்பாது. ஆக்சிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபின்கள் அந்த இடத்தால் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, இரத்த அணுவையே அரிவாளாக வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும்போது வரும் வலியைப் பார்த்தவர் மறக்க மாட்டார். இயல்பான அணு ஏறத்தாழ 120 நாள் வாழும். இவை சில வாரங்களிலேயே அழிகின்றன.

இரண்டு பிரதியும் மாறியவருக்கே இந்த நோய் என்பதால் நோயளவில் இது ஒடுங்கு பண்பு. ஆனால் 1949இல் பாலிங்கும் அவருடைய குழுவினரும் ஒரு பிரதி மட்டும் மாறியவரின் ஹீமோகுளோபினை மின்புலத்தில் நகரவிட்டபோது, இயல்பானதும் மாறியதும் ஆகிய இரண்டுமே அதில் கலந்திருந்தன. புரத அளவில் யாரும் யாரையும் அடக்கவில்லை. இணை ஓங்குத்தன்மை என்பது இதுதான். மூன்றாவது அளவு மலேரியா. ஒரு பிரதி மட்டும் மாறியவர்களைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று ஆலிசன் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வின் மூலம் காட்டினார். அங்கே கலப்புப் பிரதி உடையவரே இரு பக்கத்தாரையும்விட நன்றாகப் பிழைக்கிறார். நோயால் அழியும் பிரதிகளுக்கு ஈடாக மலேரியாவிலிருந்து தப்பும் பிரதிகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அவள் இதைத் தொலைதூரக் கதையாக எண்ண வேண்டாம். நீலகிரிப் பழங்குடியினரிடையே இந்த மாற்றம் இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இலேயே எழுதினர். பக்கத்து வயநாடோ ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன ஊர்.

தேர்வில் மட்டும் பாடநூலில் உள்ளபடியே எழுதச் சொல். விடைத்தாள் திருத்துகிறவருக்கு 1908ஆம் ஆண்டுக் கதை கேட்க நேரம் இருக்காது. நானே எத்தனை தாள்களை அவசரமாகத் திருத்தியிருக்கிறேன்!

இத்துடன் இரண்டு சிறு பொட்டலங்கள் அனுப்புகிறேன். ஒன்று மளிகைக் கடையில் வாங்கிய உருண்டைப் பட்டாணி. மற்றொன்று விதைக்கடையில் வாங்கிய இனிப்புப் பட்டாணி, காய்ந்து மூளை போல மடிந்திருக்கும். இரண்டையும் தனித்தனியே இரவு ஊறவைத்து, பிளேடால் உட்பருப்பைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரும் ஒரு சொட்டு நீர்த்த அயோடினும் விட்டு, பள்ளி நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கட்டும். நீல மணிகளின் வடிவம் வேறாக இருப்பது அவளுக்கே தெரியும். சுருங்கிய விதைகளில் பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல். நீயும் அவற்றைச் சுண்டலுக்கு என்று எடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழன்