அலுமாரிக்கு மேலிருந்த புத்தகம்

அன்புள்ள மகளுக்கு,

"பிளேனில் வாசிக்கக் கொண்டுவந்தது, உங்களுக்கு வேண்டாம் அம்மா" என்று நீ அலுமாரிக்கு மேல் துணிகளுக்குப் பின்னால் செருகிவிட்டுப் போன புத்தகத்தை எடுத்து வாசித்துவிட்டேன். சோனாலி தெரணியகலவின் 'வேவ்'. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று கிழமை.

2004 மார்கழி 26 சுனாமியில், யாலவில் கணவர், இரண்டு பையன்கள், தாய், தகப்பன் ஐந்து பேரையும் கடலுக்குக் கொடுத்தவர். வாசித்தால் நான் உடைந்துபோவேன் என்று பயந்தாய். உடையவில்லை. ஒவ்வொரு மார்கழியும் இங்கே ஒலிபெருக்கியில் கவிதை வாசிப்பார்கள். அதற்கு எனக்குக் கண்ணீர் வரும், பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்தப் பெண் என்னிடம் கண்ணீர் கேட்கவில்லை. தாய் தகப்பனின் கொழும்பு வீட்டில் வாடகைக்கு இருந்த டச்சுக் குடும்பத்துக்கு இரவில் போய்க் கேற்றில் இடித்தும் போன் எடுத்தும் கரைச்சல் கொடுத்ததைக்கூட மறைக்காமல் எழுதுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. செத்தவீட்டுக்காரி மூலையில் அடங்கி இருக்கவேண்டும் என்கிற நம் சனத்துக்கு இது பிடிக்காது.

எரிச்சலும் வந்தது, சொல்லிவிடுகிறேன். சில வருடம் கழித்து லண்டன் வீட்டைத் திறந்தால் பிள்ளைகளின் சாமான்கள் வைத்தபடியே இருக்கின்றனவாம். நமக்கு அப்படித் திறக்க எந்தக் கதவு இருந்தது? கடல் விட்டுவைத்த அல்பத்தையும் 2009இல் சண்டைக்குள் மாத்தளனில் பையோடு விட்டுவிட்டு ஓடினோம்.

ஓர் இடத்தில் மட்டும் புத்தகத்தை மூடி வைத்தேன். இரண்டு நாள் தொடவில்லை. அலையைக் கண்டு பையன்களோடு ஓடும்போது, பக்கத்து அறையில் இருந்த தாய் தகப்பனின் கதவைத் தட்ட அவர் நிற்கவில்லை. அதை அழுது பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார்.

அதே நாள் கள்ளப்பாட்டில் உன்னை இழுத்துக்கொண்டு ஓடியபோது அம்மம்மாவைக் கூப்பிட்டேன், அவருக்குக் கேட்கவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் உனக்குச் சொல்லி வந்திருக்கிறேன். கூப்பிடவில்லை, பிள்ளை. குசினிக்குள் தேங்காய் திருவுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. உன் கை என் கையில் இருந்தது, ஓடினேன்.

மாமாவுக்கும் தெரியாது. நீயே அவனிடம் சொல்லிவிடாதே, நான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது கேட்பதென்றால் கேள். அன்றைக்கு அவர் உடுத்திருந்த சேலையின் கரைவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அம்மா
முல்லைத்தீவு