டிரில்லை எங்கள் கையில் கொடுக்காதீர்கள்: பிக்கப் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிக்கப் வண்டிகளை வரைந்து, அச்சு வெட்டி, சந்தைக்கு அனுப்பும் வடிவமைப்புப் பிரிவினருக்கு,

வணக்கம்.

உங்கள் விளம்பரங்களில் வண்டி எப்போதும் சேற்றில்தான் நிற்கிறது. ஆற்றைக் கடக்கிறது, மணல்மேட்டில் ஏறுகிறது, பாறை மேல் ஒரு சக்கரத்தைத் தூக்கிக் காட்டுகிறது. சரி. அதை நம்பி வாங்கியவர் நிஜமாகவே அந்த மாதிரி இடத்துக்குக் கிளம்பினால், துணைப்பொருள் மாட்ட முதலில் அவர் கைக்கு வருவது ஓட்டை போடும் டிரில். அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். வாரநாட்களில் இதே வண்டியில் சரக்கு ஏற்றுகிறோம், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறோம். விடுமுறை வந்தால் காட்டுப்பாதைக்கும் மணலுக்கும் போகிறோம். சிலருடைய வண்டி குத்தகையில் ஓடுகிறது, சிலருடையது வேலை பார்க்கும் நிறுவனத்துக்குச் சொந்தம். மற்றவர்களும் சில வருடங்களில் விற்கத்தான் போகிறோம். பாடியை வெட்டி, வெல்டிங் வைத்து, பாறை ஏறுவதற்கென்றே வண்டியை மாற்றிக்கொள்ளும் ஆட்கள் வேறு. அவர்களுக்கு உங்கள் தயவு வேண்டாம். எங்களுக்கு மாட்டவும் வேண்டும், கழற்றவும் வேண்டும். கழற்றிய பிறகு வண்டி ஷோரூமிலிருந்து வந்த மாதிரி நிற்கவும் வேண்டும்.

போல்ட் போட்டு மாட்டுவதெல்லாம் கழற்றக்கூடியதுதான் என்று உதிரிபாகம் விற்பவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. என் அளவுகோல் எளிது. ஒரு ஸ்பேனர் செட்டும் ஜாக்கியும் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலிலேயே, ஒரு மதியப் பொழுதுக்குள் பழையபடி ஆக்க முடியுமா? ஆக்கின பிறகு ஓட்டையோ, வெட்டோ, ஒட்டுப்போட்ட வயரோ மிஞ்சாமல் இருக்குமா? இந்தச் சோதனையில் தேறுவது ரொம்பக் கம்மி.

முதலில் தேறுவது காற்று. 35 பிஎஸ்ஐ-யில் மணலில் புதையும் டயர், 18-க்கு இறக்கினால் நகர ஆரம்பித்துவிடும். டயர் தரையில் படியும் நீளம் கூடுகிறது, எடை பரவுகிறது, அவ்வளவுதான் விஷயம். காசும் இல்லை, ஓட்டையும் இல்லை. ஆனால் தார்ச்சாலைக்கு ஏறியதும் திரும்பக் காற்று அடைக்க வேண்டுமே, அதற்குக் கம்ப்ரெஸர் வேண்டும். டாஷ்போர்டில் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்பியர். நான்கு பெரிய டயர்களை விரைவாக நிரப்பக்கூடிய கம்ப்ரெஸர் 30 ஆம்பியர் இழுக்கும். எனவே பானெட்டைத் திறந்து பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டுகிறோம். தினமும் யார் இதைச் செய்வது என்று அலுத்துப்போனவர், பேட்டரியிலிருந்து பின்னால் வரை ஒரு கனமான வயரை இழுக்கத் தொடங்குகிறார். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் வயர் போக வழி தேடுகிறார். ஏற்கெனவே அங்குள்ள வயர்த் துளையை அடைத்திருக்கும் ரப்பர் குரோமெட்டைக் குத்திக் கிழிக்கிறார், அல்லது புது ஓட்டை போடுகிறார். மழை பெய்தால் தண்ணீர் கால்மிதிக்கு வந்து சேர்வது இப்படித்தான்.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமே இல்லை. தொழிற்சாலையிலேயே வயரிங் இழுக்கும்போது, முன் கிரில்லுக்குப் பின்னால் ஒன்று, பின்பக்கச் சரக்குத் தொட்டியில் ஒன்று என ஃபியூஸ் போட்ட இணைப்புகளை மூடி போட்டு விட்டுவிடுங்கள். ஸ்விட்சும் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. முடியாது என்று சொல்லாதீர்கள், செய்து காட்டியவர்கள் உங்களிலேயே இருக்கிறார்கள். ஜீப் கிளாடியேட்டரில் நான்கு துணை ஸ்விட்ச் கொண்ட தொகுப்பைக் கேட்டு வாங்கலாம். ஃபோர்டின் சூப்பர் டியூட்டி வரிசையில் இதே வசதி வேலைக்காரர்களுக்கென்றே பல வருடங்களாக இருக்கிறது. மின்விளக்கு மாட்டும் எலெக்ட்ரீஷியனுக்குக் கொடுத்ததை மணலுக்குப் போகிறவனுக்கும் கொடுங்கள் என்கிறேன்.

அப்புறம் தொட்டி. எனக்கு அதிகம் வயிற்றெரிச்சல் இதில்தான். உதிரிச் சக்கரம், ஜெர்ரி கேன், மணல் பலகை, கூடாரச் சட்டம் என்று எதை வைத்தாலும் அது ஆடாமல் நிற்க ஒரு பிடிமானம் வேண்டும். பாதை குலுக்கும்போது ஐம்பது கிலோ சாமான் ஐம்பது கிலோவாக நடந்துகொள்ளாது, பல மடங்கு விசையோடு சுவரை இடிக்கும். நீங்கள் கொடுத்திருப்பதோ மூலைக்கு ஒரு சின்ன வளையம். கிளாம்ப் போட்டு விளிம்பைக் கவ்வலாம், ஆனால் கரடுமுரடான பாதையில் கிளாம்ப் மெல்ல மெல்ல நழுவும், நழுவும்போது பெயின்டைச் சுரண்டும். கடைசியில் டிரில்.

டிரில் தகட்டில் இறங்கும்போது என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மேலே பெயின்ட், அடியில் பிரைமர், அதற்கும் அடியில் நீங்கள் பார்த்துப் பார்த்துப் பூசிய துத்தநாகம், எல்லாம் அந்த வட்டத்தில் போய்விட்டது. ஓட்டையின் விளிம்பில் வெறும் இரும்பு பளபளக்கிறது. சுருள் சுருளாக வந்த இரும்புத்தூள் தொட்டியின் மடிப்புகளிலும், இரட்டைத் தகட்டுக்கு நடுவே கைவிரல் போகாத இடத்திலும் போய் உட்காருகிறது. பொறுப்பான ஆள் காந்தத்தால் ஒற்றி எடுப்பார், விளிம்புக்குப் பிரைமர் தடவுவார். அவசரக்காரர் துணியால் துடைத்துவிட்டுப் போல்ட்டை முறுக்குவார். முதல் மழைக்கே பழுப்புப் புள்ளிகள் தெரியும். துருத்தடுப்புக்கு வருடக்கணக்கில் உத்தரவாதம் தருகிறீர்கள். உரிமையாளர் போட்ட ஓட்டை என்றதும் அது காற்றில் போகிறது. உங்கள் பக்க நியாயம் புரிகிறது. ஆனால் அந்த ஓட்டைக்கு அவசியமே இல்லாமல் செய்திருக்கலாம் அல்லவா?

2005 மாடல் டொயோட்டா டகோமாவின் தொட்டியில் பக்கவாட்டுத் தண்டவாளம் வந்தது. வளையத்தை எங்கு வேண்டுமோ அங்கு நகர்த்தி இறுக்கலாம். 2022-இல் வந்த ஃபோர்டு மேவரிக் இன்னும் ஒரு படி மேலே. தொட்டிச் சுவரில் மரை போட்ட ஓட்டைகள், பின்னால் 12 வோல்ட் இணைப்பு, சாதாரண மரச்சட்டத்தைச் செருகிக்கொள்ளப் பள்ளங்கள். கேபினுக்குள் துணைப்பொருள் மாட்டும் பொருத்தியின் வரைபடத்தைக்கூட வெளியிட்டார்கள், வீட்டில் 3டி பிரின்டர் இருப்பவர் தானே செய்துகொள்ளலாம். மலிவு விலைச் சின்ன வண்டியில் இவ்வளவும்! மலையேறும் வண்டி என்று மார்தட்டி, அதிக விலைக்கு விற்கும் வண்டியில் வெறும் நான்கு வளையம். இது எந்த ஊர் நியாயம்?

வரைபடத்தைத் தனியாகவே கேட்கிறேன். தொட்டியிலும் சேஸிஸிலும் எங்கே மரை இருக்கிறது, என்ன அளவு, எவ்வளவு எடை தாங்கும் என்று ஒரே ஒரு பக்கம் உரிமையாளர் கையேட்டில் போடுங்கள். சேஸிஸில் ஏற்கெனவே நிறைய ஓட்டைகள் இருக்கின்றன. எது எதற்கு என்று எங்களுக்குத் தெரியாததால்தான் பக்கத்திலேயே புதிதாக ஒன்று போடுகிறோம்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. புதைந்த வண்டியை இழுக்க எதில் பட்டையை மாட்டுவது? பின்னால் டிரெய்லர் இழுக்கும் உருண்டை இருக்கிறது, அதில் மாட்டுகிறார்கள். அந்த உருண்டை டிரெய்லரை நிதானமாக இழுக்கச் செய்தது, வெடுக்கென்ற இழுப்புக்குச் செய்தது அல்ல. கழுத்து முறிந்தால் குண்டு மாதிரி பறந்து வரும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். முன்பம்பரில் திருகி மாட்டும் இழுவை வளையமும் பழுதான வண்டியைச் சமதளத்தில் மெதுவாக இழுக்கத்தான். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, சேஸிஸோடு இணைத்து, தாங்கும் எடையை மேலேயே பொறித்த கொக்கிகளை எல்லா ரகத்துக்கும் கொடுங்கள். விலை உயர்ந்த ரகத்தில் மட்டும் சிவப்புப் பெயின்ட் அடித்து அலங்காரமாக வைக்கிறீர்கள். மணலுக்கு ரகம் தெரியாது.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். 265/70 ஆர்17-ஐக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 போட்டால் விட்டம் சுமார் 803 மில்லிமீட்டரிலிருந்து 831 ஆகும். வண்டி உயர்வது அதில் பாதி, 14 மில்லிமீட்டர்தான். கதவு நிலைச்சட்டத்தை நிமிர்ந்து பார்த்து மெச்சிக்கொள்ளும் அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் டயரின் பக்கச்சுவர் உயர்வதால் கல்லில் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கழற்றிவிடலாம், நல்ல மாற்றம். சிக்கல் இரண்டு. வேக மீட்டர் சுமார் 3.4 சதவீதம் குறைத்துக் காட்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டின் உள் பிளாஸ்டிக் உரசலாம், மெக்கானிக் உடனே கத்தியை எடுப்பார். டாஷ்போர்டுத் திரையின் மெனுவில் டயர் அளவைத் தேர்ந்தெடுக்க ஒரு வரி சேருங்கள். அந்தப் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் பின்தள்ளி மாட்ட இரண்டாவது கிளிப் ஓட்டை ஒன்று விடுங்கள். முடிந்தது.

வண்டியின் உயரத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. முன் அதிர்வுதாங்கியான ஸ்ட்ரட்டுக்கு மேல் ஸ்பேசர் என்ற இடைத்துண்டை வைப்பது மலிவு, கழற்றவும் முடியும். ஆனால் அது இருக்கும் வரை சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சிவி ஜாயின்ட் கூடுதல் கோணத்தில் சுழன்று தேய்கிறது, அலைன்மென்ட் கலைகிறது. பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்தால், அதை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும், முறுக்கில் நீண்டுபோன அவற்றைத் திரும்பப் போடக்கூடாது. எங்களில் பலருக்கு அந்த உயரம் தேவையே இல்லை, பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காகச் செய்கிறோம். அந்த ஆசைக்கு நீங்கள் பொறுப்பில்லை. இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் ஸ்நார்க்கல் குழாயும் அப்படித்தான், மட்கார்டில் பெரிய வட்டம் வெட்டாமல் அதைப் பொருத்த வழியில்லை என்றால் எங்கள் வேலையில் முக்கால்வாசி அது இல்லாமலே ஓடும். ஆனால் முன்பம்பர் ஓரங்களைத் தனித்துண்டாகச் செய்யலாம். ஜீப் ரேங்லர் ரூபிகானின் இரும்புப் பம்பரில் ஓரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறலாம், இறங்கியதும் மாட்டிக்கொள்ளலாம்.

செலவு என்பீர்கள். நான்கு மரை, இரண்டு இணைப்பு, ஒரு மெனு வரி. அச்சு வெட்டும் முன் வரைந்தால் இது சில்லறைச் செலவு. வெட்டிய பின் என்றால் எங்கள் தலையில், ஒவ்வொருவராக, டிரில்லோடு. பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் வரும். தாங்கும் எடை எழுதப்பட்ட மரையில் கூடுதலாக ஏற்றியவன் பொறுப்பு அவனுடையது. எதுவும் எழுதாத தகட்டில் ஓட்டை போட்டு ஏற்றியவனுக்குத் தான் வரம்பு மீறியதே தெரியாது.

அடுத்த மாடலின் தொட்டி இப்போது உங்களில் யாருடைய திரையிலோ இருக்கும். அச்சுக்குப் போவதற்கு முன் அந்தப் பக்கச் சுவரைத் திறந்து, மரைகள் எங்கே வரும் என்று குறித்துவிடுங்கள். இடம் தெரியவில்லை என்றால் எங்களைக் கேளுங்கள். பழைய வண்டிகளில் நாங்கள் போட்ட ஓட்டைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் உரிமையாளர்