செயலாளர் வேலையை ஏற்றுக்கொள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு உன்னைச் செயலாளராகப் போடப் பார்க்கிறார்களாம், நீ பின்னடிக்கிறாயாம் என்று மச்சாள் சொன்னா. போனில் சொன்னால் பாதியில் கதையை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னவள் இங்கே இங்கிலாந்தில் படிப்பதும் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிக்கூடம்தான். சேர்க்கும்போதே ஞானஸ்நானப் பத்திரம் கேட்டார்கள், ஒழுங்காகப் பூசைக்கு வருகிறோம் என்று பாதரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டியிருந்தது. (பிள்ளைக்கு மூன்று வயதானதும் சில குடும்பங்களுக்குத் திடீரென்று பக்தி கூடிவிடும், யாரென்று சொல்லமாட்டேன்.) இப்படியான பள்ளிகளின் காணியும் கட்டிடமும் பெரும்பாலும் மறைமாவட்டத்துச் சொத்து, ஆனால் சம்பளம் முதற்கொண்டு அன்றாடச் செலவு அரசாங்கத்தினது. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. கூரை திருத்துவது, புதுக் கட்டிடம் போடுவது மாதிரி வேலை வந்தால் 90 வீதம் வரை அரசாங்கம் தரும், மிச்சம் 10 வீதத்தைப் பள்ளியின் நிர்வாகக் குழு தேட வேண்டும். அதற்குத்தான் வருஷா வருஷம் எங்களிடம் கடிதம் வரும், கட்டாயமில்லை, ஆனால் கொடுக்காமல் இருக்க வெட்கமாக இருக்கும்.

அந்தக் குழுவில் பெற்றோர் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். வாக்குச் சீட்டைப் பிள்ளையின் புத்தகப் பையில் போட்டு அனுப்புவார்கள். அப்படித்தான் நானும் உள்ளே போனேன், நாலு வருஷத்துக்கு. பெரிய அதிகாரம் என்று நினைக்காதே. மற்ற எல்லோரையும் சேர்த்து எண்ணினாலும் அவர்களை விட ஆயர் நியமிக்கிறவர்கள் இரண்டு பேராவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே கை தூக்கி வெல்லுகிற கதை எங்களுக்கு இல்லை. ஆனால் கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னமே கணக்கும் அறிக்கையும் கைக்கு வந்துவிடும். அதிபரைத் தெரிவு செய்வதும் இந்தக் குழுதான், அங்கே போல இடமாற்றத்தில் வந்து இறங்குகிறவர் இல்லை.

கூட்டம் பின்னேரம் நூலக அறையில் நடக்கும், ஐந்து வயதுப் பிள்ளைகளின் கதிரையில். வங்கியில் வேலை செய்கிற ஒரு ஐயாவும் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸும் முழங்கால் நாடியில் முட்ட இருந்துகொண்டு, குழாய் திருத்தினதுக்கு ஏன் இவ்வளவு காசு என்று அதிபரைக் கேட்டார்கள். நான் பயந்துபோய் அதிபரின் முகத்தைப் பார்த்தேன். அவ கோபிக்கவே இல்லை, கோப்பைத் திறந்து ரசீதை எடுத்துக் காட்டினா, அவ்வளவுதான், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

ஊரில் எங்கட பள்ளிக்கூடத்தை யோசித்துப் பார். பலகையில் இன்னும் றோ.க.த.க., றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன், என்றுதான் இருக்கிறது, ஆனால் 1960, 61 சட்டங்களோடு அரசாங்கப் பள்ளிக்கூடமாகிவிட்டது. அந்த நேரம் இலங்கையில் பல இடங்களில் கத்தோலிக்கப் பெற்றோர் விடமாட்டோம் என்று பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே போய் இருந்தவர்கள். இப்போது பாதர் பரிசளிப்புக்கு வந்து முன்வரிசையில் இருப்பார், மற்றதெல்லாம் வலயக் கல்வி அலுவலகம். மீளக்குடியேறி வந்த நேரம் தறப்பாள் கொட்டிலில் வகுப்பு நடந்தபோது மரம் தறித்ததும் கிடுகு கட்டினதும் யார்? நீங்கள்தானே. சிரமதானம் என்றால் மண்வெட்டியோடு முதல் ஆளாக நிற்பாய், சந்தாவும் கட்டுவாய், ஆனால் கட்டின காசு எங்கே போனது என்று எழும்பிக் கேட்டால் மரியாதைக் குறைவாம். எனக்கு அது விளங்கவே இல்லை. இங்கே புல் வெட்ட ஒரு தகப்பனும் வரமாட்டார், அதற்குக் கம்பனி வரும், அந்த விஷயத்தில் நீங்கள் இவர்களை விட எவ்வளவோ மேல்.

அதனால் ஏற்றுக்கொள். அதிபர்தான் தலைவர், அது மாறாது, அவரோடு சண்டைக்கும் போகாதே, அந்த மனுசனுக்கு மேலிடத்துத் தொல்லையே போதும். போன கூட்டத்து அறிக்கையை ஒழுங்காக வாசி. வரவு செலவை ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளை ஏற்ற வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில் ஒட்டலாமா என்று பொதுக் கூட்டத்திலேயே கேள், தனியாகப் போய்க் கேட்டால் பார்ப்போம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் காலமை பத்து மணிக் கூட்டத்தைப் பின்னேரத்துக்கு மாற்றப் பார். மாசியில் நெல் அருவி வெட்டு நேரம் பத்து மணிக்கு எந்தத் தகப்பன் வருவான்? தாய்மார்தான் வந்து, பின்வரிசையில் இருந்து, கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறார்கள். மச்சாளை முன்னுக்கு இருத்து, அவவுக்கு உன்னை விட நல்லாக் கணக்குத் தெரியும்.

அம்மாவின் குளிசைக் காசு இந்த மாதத்தோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன். கூட்டம் முடிந்த அன்றே என்ன நடந்தது என்று சொல்லு, யார் யார் முகம் சுழித்தார்கள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா