மான்கொம்பு மரம்

ஸ்காபரோ, கனடா,
யூன் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட கடிதம் கிடைச்சு மூண்டு கிழமை. பதில் பிந்தினதுக்குக் கோவிக்காதேங்கோ. வேலை கொஞ்சம் கூட, வேற ஒண்டுமில்லை.

கறிவேப்பிலை வேர் சின்னம்மாவின்ர வளவுக்குள்ள முளைக்குது, அப்பா மண்வெட்டியால கொத்தக் கொத்தக் கூடுது எண்டு எழுதியிருந்தீங்கள். கொத்தினபடியால்தான் கூடினது. மேலால ஓடுற வேரில காயம் பட்டால் அந்த இடத்தில கன்று கிளம்பும்.

இங்க பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவியின்ர மரத்துக்கும் அதே குணம். அவ மரத்தோட கதைச்சுக் கதைச்சுத்தான் வெட்டுவா. மான்கொம்புச் சுமாக் எண்டு பேர். இளங்கொப்பு முழுக்கப் பூமயிர். கோணேசர் கோயிலுக்குப் போகேக்க கோட்டைக்குள்ள நிக்கிற புள்ளிமானின்ர புதுக்கொம்பு மாதிரியே இருக்கும். ஒக்டோபரில இலை நெருப்பாச் சிவக்கும், அதுக்காகத்தான் வைக்கிறவை. மாமரத்தின்ர குடும்பம், பால் பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும், கையுறை வேணும். சிவந்த காய்க்கொத்தைப் பச்சைத்தண்ணியில ஊறப்போட்டுச் சீலையில வடிச்சால் தேசிக்காய்த் தண்ணிபோலப் புளிக்கும். சுடுதண்ணி விட்டால் கயர்க்கும்.

சுமாக் நடுறது மே மாதம். கிடங்கு வேர்க்கட்டியைப்போல ரெண்டு பங்கு அகலம், ஆழம் அதே அளவு. தண்ணி தேங்கினால் வேர் அழுகும். மதிலுக்கு 3 மீற்றராவது தள்ளி, சுத்திவர 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தடிச்ச பிளாஸ்ரிக் தகடு இறக்கவேணும். விளிம்பு 5 சென்ரிமீற்றர் மண்ணுக்கு மேல நிக்காட்டி வேர் ஏறிக் கடந்திடும்.

கொப்பு வெட்டுறது மார்ச் கடைசி, துளிர்க்க முன்னம். 30 சென்ரிமீற்றர் விட்டுத் தறிச்சால் இலை பெரிசா வரும், ஆனா அந்த வருசம் காய்க்கொத்து இராது, வேரெல்லாம் கன்றும் தள்ளும். வருசத்துக்கு மூண்டில ஒரு பங்கு பழங்கொப்பை அடியோட எடுக்கிறதுதான் எனக்குச் சரியாப் படுது.

கன்றைக் கத்தியால நறுக்கவே கூடாது. அடியில மிஞ்சிற மொட்டு ரெண்டு மூண்டாத் திரும்ப வரும். பச்சைத் தண்டா இருக்கேக்க மண்ணை விலக்கி, வேரில ஒட்டின இடத்தோட பிச்சு இழுக்கவேணும். மழை பெய்த அடுத்தநாள் லேசா வரும்.

அப்பாட்டச் சொல்லுங்கோ: வேலியோரம் 60 சென்ரிமீற்றர் கிடங்கு வெட்டி, குறுக்க வாற வேரை ஒரே வெட்டா அறுத்து, பழைய தகரத்தை நிறுத்தட்டும். சின்னம்மா பக்கம் மிஞ்சிற வேர்த்துண்டும் முளைக்கும், அவவைக் கேட்டுக்கொண்டு அதையும் இழுத்தெடுக்கோணும். மாமி கேட்ட ரெண்டு கன்றையும் இப்ப கச்சான் காத்துக்க கிளப்பாதேங்கோ, வாடிப்போகும். தாய்மரத்துப் பக்கம் வேரை அறுத்து அப்படியே விடுங்கோ. சல்லிவேர் பிடிச்சாப் பிறகு மாரி மழைக்கு மண்ணோட எடுக்கலாம்.

கிணத்தடியில அந்த இலையை முறிக்கிற மணம்... இங்க கடையில சின்னப் பையில விக்கிறாங்கள், அந்த மணம் இல்லையம்மா.

வேலிக்கதை பெரிசாக முன்னம் காணி உறுதியில எல்லை எப்படி இருக்கெண்டு பாருங்கோ. தங்கச்சியின்ர பொருத்தம் பாத்தாச்சோ? கூரைக்குக் காசு இந்த மாதம் கொஞ்சம் சுணங்கும், யூலை நடுவில அனுப்புறன். ஓடுகளை மட்டும் இப்ப மாத்துங்கோ, கூரைமரத்தைப் பிறகு பாப்பம்.

அன்பு மகன்